மாடல் ரயில் தொடங்குவது எப்படி: பாயில் ஓடும் ஜப்பான், பலகையில் நிற்கும் பிரிட்டன்

என் அலமாரியின் மேல் தட்டில், புத்தகங்களோடு புத்தகமாகச் சில பிளாஸ்டிக் உறைகள் நிற்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் பழைய வீடியோ கேசட் என்று நினைத்துக்கொள்வார்கள். திறந்தால் உள்ளே பேனா நீளத்தில் ஏழு ரயில் பெட்டிகள் பஞ்சுமெத்தையில் படுத்திருக்கும். அது ஜப்பான். அலமாரிக்குக் கீழே ஒன்றரை மீட்டர் பலகை ஒன்று சுவரோடு திருகப்பட்டிருக்கிறது. கரி படிந்த செங்கல் சுவர், மூன்று சைடிங் (வேகன்களை நிறுத்திவைக்கும் கிளைத் தடம்), வேகன்களை இடம் மாற்றும் ஒரு ஷன்டிங் இன்ஜின், எட்டு வேகன். இடத்தை விட்டு அசையாது. அது பிரிட்டன்.

இரண்டையும் பல வருடங்களாக வாங்கி, ஓட்டி, உடைத்து, ஒட்டியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். அது நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி இது: உங்களுக்கு ரயிலைப் பார்க்க ஆசையா, ரயில் வந்துபோகிற இடத்தைப் பார்க்க ஆசையா? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கிய பெட்டிகள்தான் ஆறு மாதத்தில் பரணுக்குப் போகின்றன.

முதல் படி: ரயிலா, இடமா?

ஜப்பானில், அதுவும் நகரங்களில், வீடுகள் சின்னவை. ஒரு மேசையை நிரந்தரமாக ரயிலுக்குத் தாரைவார்க்கப் பலருக்கு வசதியில்லை. அதனால் அங்கே ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. தத்தாமிப் பாய் போட்ட தரையிலேயே தண்டவாளத்தைக் கோத்து, சாயங்காலம் முழுக்க ஓட்டிவிட்டு, இரவு கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். 'ஓஸாஷிகி உன்டென்' என்று பெயர். கூடத்து ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜப்பானிய மாடல் கம்பெனிகளான கேட்டோவின் யூனிட்ராக், டோமிக்ஸின் ஃபைன் டிராக் என்ற தண்டவாளங்கள் இரண்டும் இதற்குத் தோதானவை. ஜல்லிப் படுக்கையோடு சேர்த்தே வார்த்த துண்டுகள். ஒன்றோடு ஒன்று 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும், திரும்பக் கழற்றினாலும் தளர்வதில்லை. வீட்டில் முழு நீள ரயில் ஓட்ட இடமில்லாதவர்கள் வாடகை லேஅவுட் கடைக்குப் போவார்கள். மணிக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு, நம் ரயிலை அவர்களுடைய பெரிய தடத்தில் ஓட்டிக்கொள்ளலாம்.

பிரிட்டனில் மனசே வேறு. அங்கே ரயில் என்பது ஒரு ஊரைச் செய்வதற்கான சாக்கு. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் லாங் விட்டன்ஹாம் என்ற ஊரில் பென்டன் மியூசியம் இருக்கிறது. 1920, 30களில் அந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எப்படி இருந்தனவோ அப்படியே சிறிய அளவில் செய்துவைத்திருக்கிறார்கள். கூரை வேய்ந்த வீடுகள், வீட்டுக்கு முன்னால் காய்கறிப் பாத்தி, வேலி ஓரச் செடி என்று பார்த்துக்கொண்டே போகலாம். நடுவில் ஒரு ரயில் போகும். அது போன பிறகும் நாம் அங்கேயே நின்றுகொண்டிருப்போம்.

எது உங்களுக்கு என்று கண்டுபிடிக்கப் பைசா செலவில்லாத ஒரு வழி உண்டு. பழைய செய்தித்தாளை ஒட்டி 1.15 மீட்டர் நீளம், 66 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு செவ்வகம் செய்து தரையில் போடுங்கள். ஜப்பானிய அளவில் ஒரு சின்ன வட்டத் தடத்துக்கு வேண்டிய இடம் அவ்வளவுதான். அடுத்து, சுவர் ஓரமாக ஒன்றரை மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் ஒரு பட்டை. பிரிட்டிஷ் ஷன்டிங் பலகைக்கு அது போதும். ஒரு வாரம் அப்படியே விட்டுவையுங்கள். எதை யார் மிதிக்கிறார்கள், எதன் மேல் துணிக்கூடை வந்து உட்காருகிறது என்று பாருங்கள். என் வீட்டில் தரைச் செவ்வகம் மூன்றாம் நாளே கிழிந்தது. அதனால் ஜப்பான் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது.

இரண்டாம் படி: எந்த அளவில் எந்தப் பொய்?

அளவுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் தலை சுற்றும். அதில் ஒளிந்திருக்கும் சமரசத்தைப் புரிந்துகொண்டால் பாதிச் சுற்றல் நின்றுவிடும்.

ஜப்பானில் அதிகம் விற்பது 'என்' கேஜ் (ஆங்கில எழுத்து N). தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கும் இடையே 9 மி.மீ. ஜப்பானின் சாதாரண ரயில் பாதை 1067 மி.மீ. அகலம். எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் போன தலைமுறைக்கு இது பழகிய அகலம்தான். நம்முடையது 1000 மி.மீ. (1960களில் தாம்பரம் வழியில் ஓட வந்த வொய்.ஏ.எம்-1 மின்சார இன்ஜின்கள் ஜப்பானில் செய்தவை என்பது போகிற போக்கில் ஒரு தகவல்.) இந்த ரயில்களை 150-இல் ஒரு பங்காகச் சுருக்குகிறார்கள். கணக்குப் போட்டால் 9 மி.மீ. தண்டவாளம் 1350 மி.மீ.க்குச் சமம். அதாவது மாடலில் பாதை உண்மையைவிட அகலமாக இருக்கிறது. ஷின்கான்சென் மட்டும் 1435 மி.மீ. பாதையில் ஓடுவதால் அதை 160-இல் ஒரு பங்காகச் செய்கிறார்கள். அங்கே கணக்கு ஏறக்குறைய சரியாக வந்துவிடும். விளைவு, ஒரே மேசையில் புல்லட் ரயிலும் உள்ளூர் ரயிலும் அடுத்தடுத்து நின்றால் இரண்டும் வெவ்வேறு விகிதம். யாரும் கவலைப்படுவதில்லை.

பிரிட்டனில் அதிகம் விற்பது டபுள்-ஓ (OO). 76.2-இல் ஒரு பங்கு, தண்டவாளம் 16.5 மி.மீ. இங்கே பொய் எதிர்ப்பக்கம் சாய்கிறது. 16.5 மி.மீ.யைப் பெருக்கினால் சுமார் 1257 மி.மீ.தான் வரும், பிரிட்டனின் உண்மைப் பாதை 1435. ஆக, இன்ஜின் சரியான பருமன், காலடியில் பாதை மட்டும் ஒடுக்கம். ஏன் இப்படி ஆனது? உலகின் முதல் பொதுப் பயணிகள் பாதைகளை அமைத்த நாடு அது. பாலங்களையும் சுரங்கங்களையும் ஆரம்பத்திலேயே குறுகலாகக் கட்டிவிட்டதால், பிரிட்டிஷ் இன்ஜின்கள் ஐரோப்பிய இன்ஜின்களைவிட ஒல்லி. 87-இல் ஒரு பங்கு என்ற எச்.ஓ. அளவில் அந்த ஒல்லி உடம்புக்குள் அந்தக் காலத்து மோட்டார் நுழையவில்லை. சரி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடம்பை மட்டும் பெரிதாக்குவோம் என்று முடிவெடுத்தார்கள். மோட்டார் எப்போதோ சிறிதாகிவிட்டது, அளவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இது பொறுக்காத சிலர் 18.2 மி.மீ., 18.83 மி.மீ. என்று தனித் தண்டவாளம் போட்டுக்கொள்கிறார்கள். சக்கரத்தையெல்லாம் மாற்ற வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பிரிட்டிஷ் ரயில்களும் என் கேஜில் கிடைக்கின்றன. ஆனால் அவை 148-இல் ஒரு பங்கு. ஜப்பானிய 150-க்குப் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஒரே தண்டவாளத்தில் ஓடும். ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் கம்பெனி 2022-இல் கொண்டுவந்த டி.டி.-120 அளவில் தண்டவாளம் 12 மி.மீ., விகிதம் 120-இல் ஒரு பங்கு; பெருக்கினால் 1440. கணக்கில் நேர்மையான அளவு என்றால் இதுதான். டபுள்-ஓவில் பழைய சாமான் கடைகளில் கிடைக்கிற அளவுக்கு இதில் இன்னும் சேரவில்லை என்பது ஒன்றுதான் குறை.

என் தீர்ப்பு: ஓட்டிப் பார்ப்பதில்தான் சுகம் என்றால் என் கேஜ். கையால் தொட்டு, கோத்து, வண்ணம் பூசுவதில் சுகம் என்றால் டபுள்-ஓ. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு என் கேஜ் பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றுவதே ஒரு யோகாசனம். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தண்டவாளம், இடம்

ஜப்பான் பக்கம் போகிறவர்கள் கேட்டோவின் வட்டத் தடத் தொகுப்பு ஒன்றை வாங்குவது எளிது. 315 மி.மீ. ஆரமுள்ள வளைவுத் துண்டு எட்டு, 248 மி.மீ. நேர்த் துண்டு நாலு இருந்தால் மேலே சொன்ன செய்தித்தாள் செவ்வகத்துக்குள் தடம் அடங்கிவிடும். கேட்டோவின் துண்டும் டோமிக்ஸின் துண்டும் நேரடியாகப் பூட்டாது. இடையே மாற்றுத் துண்டு வேண்டும். இரட்டைப் பாதை போட்டால் இரண்டு தடங்களுக்கும் நடுவே கேட்டோவில் 33 மி.மீ., டோமிக்ஸில் 37 மி.மீ. முதலில் எதை வாங்குகிறீர்களோ அதிலேயே நின்றுகொள்வது நல்லது.

டபுள்-ஓவில் வட்டம் போட ஆசைப்பட்டால் இடத்தை நன்றாக அளந்துகொள்ளுங்கள். இப்போதைய இன்ஜின்களில் பலவற்றுக்கு 438 மி.மீ. ஆரத்துக்குக் குறைந்த வளைவு ஆகாது. இதை 'செகண்ட் ரேடியஸ்' என்பார்கள். அதில் வட்டம் போட்டாலே 90 சென்டிமீட்டர் அகலம் ஆகிவிடும். மூன்றடி மேசையில் தண்டவாளம் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும், இன்ஜின் ஒருநாள் தரையைத் தொடும். நாலடி அகலம் வேண்டும். அதனால்தான் ஆறடிக்கு நாலடிப் பலகை பிரிட்டிஷ் வீடுகளில் ஒரு சம்பிரதாயம் ஆனது. அவ்வளவு இடம் இல்லையா? வட்டத்தை மறந்துவிடுங்கள். ஷன்டிங் பலகை பற்றிக் கீழே சொல்கிறேன்.

தண்டவாளம் எந்த உலோகம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 'நிக்கல் சில்வர்' என்று இருக்க வேண்டும். பெயரில்தான் வெள்ளி, உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. பழைய இரும்புத் தண்டவாளத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடற்கரை ஊர்களில் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துவிடும்.

நாலாம் படி: பிளக்கைச் செருகும் முன்

இது சின்னப் பகுதி, ஆனால் இரண்டு தடவை படியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரிலும் பிரிட்டனிலும் 230. ஜப்பானில் வாங்கிய பவர் பேக்கின் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) அடாப்டரில் '100–240' என்று அச்சிட்டிருந்தால் பிரச்சினையில்லை, பின் மாற்றி மட்டும் போதும். வெறும் '100' என்று இருந்தால் நம் சுவரில் செருகக் கூடாது. நான் செருகினேன். முழுக்க என் தப்பு. சீட்டைப் படிக்கிற பொறுமை அன்றைக்கு இல்லை. ஒரு 'பட்', கொஞ்சம் புகை, அப்புறம் வீடு முழுக்க ஊதுபத்திக்கு எதிரான ஒரு மணம்.

நல்ல செய்தி என்னவென்றால், இரண்டு நாட்டு மாடல்களுக்கும் தண்டவாளத்தில் வேண்டியது 12 வோல்ட் நேர் மின்சாரம்தான். ஆகவே 230 வோல்ட்டில் வேலை செய்யும் பிரிட்டிஷ் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி, அதன் இரண்டு வயரை ஜப்பானியத் தண்டவாளத்தில் கோத்தால் ஜப்பான் ரயில் ஓடும். அதன் பிளக் மூன்று சதுரக் காலோடு வரும். இந்தியாவில் அதற்கு ஒரு மாற்றி வேண்டும், அவ்வளவே.

டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறையைப் பற்றி எல்லோரும் ஆசை காட்டுவார்கள். ஒரே தண்டவாளத்தில் ஐந்து இன்ஜினைத் தனித்தனியாக ஓட்டலாம், ஹாரன் அடிக்கும், டீசல் உறுமும். முதல் வருடம் வேண்டாம். பிரிட்டிஷ் இன்ஜின்களில் பெரும்பாலும் அதற்கான சாக்கெட் தயாராக வருகிறது, பிறகு போட்டுக்கொள்ளலாம். ஜப்பானிய என் கேஜ் ஆட்கள் இன்றைக்கும் பெரும்பாலும் சாதாரண மின்சாரத்திலேயே ஓட்டுகிறார்கள்.

ஐந்தாம் படி: முதல் ரயில்

இங்கேதான் பணம் வீணாகும்.

ஜப்பானிய ரயில்கள் தொகுப்பாக விற்கப்படும். 'கிஹோன்' என்பது அடிப்படைத் தொகுப்பு, 'ஸோகெட்சு' என்பது கூடுதல் பெட்டிகள். மோட்டார் பெரும்பாலும் அடிப்படைத் தொகுப்பில் ஒரே ஒரு பெட்டியில்தான் இருக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று கூடுதல் தொகுப்பை முதலில் வாங்கிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று: ஒரு மாடலை ஒரு தவணை செய்து விற்றுவிட்டால், அடுத்த தவணை வரும்வரை கடையில் இருக்காது. அது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டும் என்று தோன்றினால் முன்பதிவு செய்துவிடுங்கள்.

எல்லோருக்கும் முதல் ஆசை ஷின்கான்சென். எனக்கும் அதுதான். ஆனால் ஒரு கணக்கு: பெட்டிக்கு 25 மீட்டர், பதினாறு பெட்டி. 160-இல் ஒரு பங்கில் இரண்டரை மீட்டர் நீள ரயில். நம் வட்டத் தடத்தின் மொத்தச் சுற்றளவே மூன்று மீட்டர். ரயில் தன் வாலைத் தானே துரத்தும். வளைவும் அப்படித்தான். தோக்காய்டோ ஷின்கான்சென் பாதையின் சாதாரணக் குறைந்தபட்ச வளைவு ஆரம் 2,500 மீட்டர். அதை அப்படியே சுருக்கினால் பதினைந்தரை மீட்டருக்கு மேல் வரும். ஒரு கல்யாண மண்டபம் வேண்டும். நாலு அல்லது ஆறு பெட்டிகளோடு ஓட்டி, மீதியைக் கற்பனையில் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம்.

அதனால் நான் சொல்வது, முதலில் ஒற்றைப் பெட்டி டீசல் அல்லது இரண்டு பெட்டி உள்ளூர் ரயில். கிஹா-40 போன்ற ஒரு கிராமத்து டீசல் வண்டி 14 சென்டிமீட்டர்தான். சின்ன வட்டத்திலும் அது எங்கோ போகிற மாதிரி இருக்கும். பிடித்துவிட்டால் அப்புறம் யமானோத்தே பச்சை, சூவோ ஆரஞ்சு, சோபு மஞ்சள் என்று டோக்கியோவின் வண்ணங்கள் காத்திருக்கின்றன.

பிரிட்டனில் இன்ஜின் தனி, பெட்டி தனி, வேகன் தனி. கடையின் கண்ணாடி அலமாரியில் கண் முதலில் மாலார்டின் மேல்தான் போகும். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் ஓடி நீராவி இன்ஜின்களில் உலக சாதனை படைத்த நீல அழகி. வாங்காதீர்கள், இப்போது வேண்டாம். நீளமான உடம்பு, மெல்லிய குழாய்கள், பெரிய வளைவு கேட்கும் குணம். முதல் இன்ஜினாக நான் சிபாரிசு செய்வது கிளாஸ் 08 டீசல் ஷன்டர். பார்க்க ஷூ டப்பா மாதிரி இருக்கும். நிஜத்தில் 996 செய்தார்கள், 1952 தொடங்கி. இன்றைக்கும் சில யார்டுகளில் உழைக்கின்றன. ஆறு சக்கரமும் இழுக்கும், மின்சாரமும் எடுக்கும், அதனால் மெதுவாகப் போனாலும் திக்காது. நீராவிதான் வேண்டும் என்றால் கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் 57 வரிசை பன்னியர் டாங்க். 863 ஓடிய சிறிய இன்ஜின், எந்தக் கிராமத்து நிலையத்திலும் பொருந்தும்.

ஆறாம் படி: முதல் நாள் ஓட்டம்

புது இன்ஜினைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முழு வேகத்தில் விடக் கூடாது. நடுத்தர வேகத்தில் முன்னால் அரை மணி, பின்னால் அரை மணி. எதையும் இழுக்காமல். எண்ணெய் கேட்டால் பிளாஸ்டிக்குக்கு ஆகும் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வையுங்கள். தேங்காயெண்ணெய் கூடவே கூடாது. மார்கழியில் உறையும், அப்புறம் கியர் பல்லோடு சண்டைதான்.

தண்டவாளத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். சக்கரத்துக்கு ஒரு சுலபமான வழி: கிச்சன் டிஷ்யூவை அதில் நனைத்து, தண்டவாளத்துக்குக் குறுக்கே போட்டு, இன்ஜினின் ஒரு பாதி டிஷ்யூவின் மேலும் மறுபாதி வெறும் தண்டவாளத்தின் மேலும் இருக்கும்படி பிடித்து ஓடவிடுங்கள். டிஷ்யூவில் கறுப்புக் கோடு விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறலில்தான் அடுத்த அழுக்கு குடியேறும்.

அடுத்தது வேகம். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு வேகமாக ஓட்டுவதுதான். மணிக்கு 60 கி.மீ. போகும் கிராமத்து டீசலை 150-இல் ஒரு பங்காக்கினால் நொடிக்கு 11 சென்டிமீட்டர். நம் வட்டத்தை ஒருமுறை சுற்ற 27 நொடி ஆக வேண்டும். 1964-இல் தொடங்கியபோது ஷின்கான்சென் ஓடிய 210 கி.மீ. வேகத்துக்கே ஒரு சுற்றுக்கு எட்டு நொடி ஆகும். கைபேசியில் நொடி எண்ணி ஓட்டிப் பாருங்கள். உங்கள் கை எவ்வளவு அவசரப்படுகிறது என்று வெட்கமாக இருக்கும்.

இரட்டைப் பாதை என்றால் ரயில் இடதுபக்கம் போகட்டும். ஜப்பானும் பிரிட்டனும் நம்மைப் போலவே இடது. வலதில் ஓட்டினால் வேறு நாட்டில் படம் பிடித்த மாதிரி இருக்கும்.

ஒரு நல்ல பழக்கத்தை ஜப்பானிய டிரைவர்களிடமிருந்து திருடிக்கொண்டேன். சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார்கள். 'ஷிசா காங்கோ' என்று பெயர். கவனப் பிசகு குறைவதற்காக ரயில்வே முழுக்க இருக்கும் வழக்கம். நானும் குமிழைத் திருகும் முன் விரலை நீட்டி, "பாயின்ட் நேர், தடம் காலி" என்று சொல்கிறேன் (பாயின்ட் என்பது தடம் இரண்டாகப் பிரியும் இடம்). வீட்டில் சிரிக்கிறார்கள். தடம் புரள்வது குறைந்திருக்கிறது.

ஏழாம் படி: இடம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு விளையாட்டு

பிரிட்டிஷ்காரர்கள் கண்டுபிடித்த உருப்படியான விஷயங்களில் ஒன்று இங்கிள்நூக் சைடிங்ஸ். ஆலன் ரைட் என்பவர் அமைத்த தடம். இரண்டே பாயின்ட், மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. முன்னால் இருக்கும் தடத்தில் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டும் கொள்ளும். மொத்தம் எட்டு வேகன். எட்டுக்கும் ஒவ்வொரு சீட்டு எழுதிக் குலுக்கி, ஐந்தை எடுங்கள். சீட்டு வந்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகனையும் கோத்து, நீளமான சைடிங்கில் நிறுத்த வேண்டும். கையால் தூக்கக் கூடாது.

சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தோன்றும். உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் போவது தெரியாது. நிஜ யார்டில் ஷன்டிங் பார்க்கிறவர் ஏன் அவ்வளவு யோசித்துக்கொண்டு நிற்பார் என்று அப்போதுதான் புரியும். டபுள்-ஓவில் ஒன்றரை மீட்டர் பலகைக்குள் இது அடங்கும். கிளாஸ் 08-ஐ நான் சிபாரிசு செய்ததும் இதற்காகத்தான்.

பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், அடியில் சட்டம். தெர்மகோலை மட்டும் நம்பி எழுப்பினால் ஆறு மாதத்தில் வளையும். தண்டவாளத்தை முதலில் குண்டூசியால் பிடித்துவைத்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, அப்புறம் ஒட்டுங்கள். சுவர், கொட்டகை, சிக்னல் கூண்டு எல்லாம் அட்டையில் வெட்டி ஒட்டும் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. முதல் கட்டடத்துக்கு அதுவே நல்லது, கெட்டுப்போனாலும் மனசு வலிக்காது.

எட்டாம் படி: எந்தக் காலம்?

கண்டதையும் ஒன்றாக ஓட்டலாம், உங்கள் வீடு, உங்கள் ரயில். ஆனால் கொஞ்ச நாளில் கண் கேள்வி கேட்கும். அப்போது இரண்டு மூன்று வருடங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பிரிட்டனில் 1923-இல் ஏராளமான கம்பெனிகள் நாலு பெரிய கம்பெனிகளாகச் சேர்ந்தன. 1948 ஜனவரி 1 முதல் அரசுடைமை. 1968 ஆகஸ்டில் முக்கியப் பாதைகளில் நீராவி முடிந்தது. 1990களின் நடுவில் தனியார்மயம், அதன் பிறகு வண்ணங்களுக்குக் கணக்கில்லை. ஜப்பானில் பெரிய கோடு 1987 ஏப்ரல் 1. அன்றுதான் தேசிய ரயில்வே பிரிந்து ஜே.ஆர். கம்பெனிகள் ஆயின. பெட்டியில் ஜே.ஆர். எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தையது. தேசிய ரயில்வேயில் நீராவி இழுத்த கடைசி வழக்கமான பயணிகள் ரயில் 1975 டிசம்பரில் ஹொக்காய்டோவில் ஓடியது. டி-51 நீராவி இன்ஜினை ஜே.ஆர். எழுத்துப் போட்ட பெட்டிகளுக்கு முன்னால் நிறுத்தினால், அது சிறப்பு ரயில் என்று சொல்லிச் சமாளிக்கலாம். நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

பழையது வாங்கும்போது, பாதுகாக்கும்போது

பழைய சாமானில் மூன்று விஷயம் பாருங்கள். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய சில இன்ஜின்களின் துத்தநாகக் கலவைச் சட்டம் உள்ளுக்குள்ளேயே உப்பி விரிசல்விடும். 'மசாக் ராட்' என்பார்கள், மருந்து கிடையாது, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சின்னச் சின்ன பாகங்கள் போட்ட பை பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊர் வெக்கையில் பஞ்சுமெத்தைதான் எதிரி. பல வருடம் கழித்து அந்தப் பஞ்சு பிசுபிசுத்துப் பெட்டியின் வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட வையுங்கள், பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். வெயில் படும் ஜன்னல் ஓரம் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் சுங்க வரியையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள், இல்லாவிட்டால் மலிவாக வாங்கியதாக ஒரு வாரம் ஏமாந்திருப்பீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் தவிப்பவர்களுக்கு

இவ்வளவு சொல்லியும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், குறை உங்களிடம் இல்லை. இந்த இரண்டு ரயில்வேக்களும் முதல் நாளிலிருந்தே ஒன்றுக்குள் ஒன்று. 1872-இல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஜப்பானின் முதல் ரயில் ஓடியபோது, அந்தப் பாதையின் தலைமைப் பொறியாளராக இருந்து, திறப்பு விழாவைப் பார்க்காமலே முந்தைய வருடம் இறந்துபோனவர் எட்மண்ட் மோரல் என்ற ஆங்கிலேயர். முதலாம் எண் இன்ஜின் பிரிட்டனின் வல்கன் ஃபவுண்டரியில் 1871-இல் செய்தது. சைத்தாமாவில் ஓமியா ரயில்வே மியூசியத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். பதிலுக்கு, யார்க் நகரத்துத் தேசிய ரயில்வே மியூசியத்தில், மாலார்ட் இருக்கும் அதே இடத்தில், 0 வரிசை ஷின்கான்சென் பெட்டி ஒன்று நிற்கிறது. பிரிட்டிஷ் பெட்டிகளுக்கும் அதற்கும் தண்டவாள அகலம் ஒன்றுதான், ஆனால் அது 3.38 மீட்டர் அகல உடம்போடு நிற்கும்போது மற்றவை பட்டினி கிடந்த மாதிரி தெரியும். படிப்பதைவிட அந்த ஒரு பெட்டி அளவுகளைப் பற்றி அதிகம் சொல்லும்.

2015-இல் ஹிட்டாச்சி இங்கிலாந்தில் நியூட்டன் எய்க்ளிஃப் என்ற ஊரில் ரயில் தொழிற்சாலை திறந்தது. 1825-இல் ஸ்டாக்டன்-டார்லிங்டன் பாதைக்காக லோகோமோஷன் இன்ஜினைத் தண்டவாளத்தில் ஏற்றிவைத்த இடம் அதற்குப் பக்கத்தில்தான். அந்தத் தொழிற்சாலையில் கோத்து வந்த கிளாஸ் 800 ரயில்கள் 2017 முதல் லண்டனிலிருந்து மேற்கே ஓடுகின்றன. கேட்டோ கம்பெனி அதை என் கேஜில் செய்திருக்கிறது. ஐந்து பெட்டித் தொகுப்பு, நீளம் சுமார் 88 சென்டிமீட்டர். ஓடும்போது எழுத்து ஆங்கிலம், மூக்கு ஜப்பான்.

செய்தித்தாள் செவ்வகத்தை மறுபடி விரியுங்கள். வட்டத் தடம், 12 வோல்ட், கிளாஸ் 800. நொடி எண்ண மறக்காதீர்கள்: மணிக்கு 200 கி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு எட்டு நொடி.